சேமித்தது தாளடி, திரையில் குறுவை: டிராப்டவுனைச் சரிசெய்த அனுபவம்

கும்பகோணம் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்காக விதைநெல் பதிவுப் பக்கம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். விவசாயியின் பெயர், மாவட்டம், வட்டம், கிராமம், பருவம் (குறுவை, சம்பா, தாளடி என நெல் போடும் காலம்), நெல் ரகம் எல்லாம் அதில் பதிவாகும். புதிதாகப் பதியும்போது ஒரு தொல்லையும் இல்லை. பழைய பதிவைத் திருத்தத் திறந்தால்தான் சிக்கல். பதிவு பார்க்கும் அக்கா போனில் சொன்னார்: "தம்பி, நான் தாளடின்னு போட்டுத்தான் சேமிச்சேன். திறந்து பாத்தா குறுவைன்னு நிக்குது. ஆளு எதிர்லயே உக்காந்திருக்காரு, எதை நம்புறது?"

குறுவைக்கு ஏடிடி 43 மாதிரி 110 நாளில் அறுப்புக்கு வரும் ரகம் வேண்டும். சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009, நம் பக்கத்தில் பொன்மணி என்பார்கள், 150 நாளைத் தாண்டும். திரையில் பருவம் மாறித் தெரிந்தால் கொடுக்கிற மூட்டையே மாறிவிடும். அதனால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதில் உட்கார்ந்தேன்.

முதலில் தரவுத்தளத்தைப் பார்த்தேன், தாளடிதான் இருந்தது. அப்புறம் உலாவியின் கன்சோலில் (நிரலைச் சோதிக்கும் சாளரம்) அந்த செலக்ட் பெட்டியின், அதாவது டிராப்டவுனின், 'வேல்யூ' (மதிப்பு) என்ன என்று கேட்டேன். அங்கேயும் தாளடிக்குரிய குறியீடுதான் வந்தது. ஆனால் திரையில் குறுவை. இந்த இடத்திலேயே விஷயம் பாதி விளங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் டிராப்டவுனை அழகுபடுத்த செலக்ட்2 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் போட்டிருக்கிறது. இதுபோன்ற நூலகங்கள் நாம் எழுதிய செலக்டை எடுத்துவிடுவதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிட்டு, பக்கத்தில் தாங்களே ஒரு பெட்டியை வரைந்து வைக்கின்றன. நாம் பார்ப்பது வரைந்த பெட்டியை. படிவத்தோடு போவது மறைந்திருக்கும் செலக்டின் மதிப்பு. எங்கள் பக்கத்தில் செலக்ட்2 முதலில் எழும்பி, பட்டியலின் முதல் வரியான குறுவையை வரைந்துவிடும். சேமித்த விவரம் சர்வரிலிருந்து பிறகுதான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த மதிப்பை மறைந்த செலக்டில் வைக்கும். வரைந்த பெட்டிக்கு அதை யாரும் சொல்வதில்லை.

காரணம், நிரல் வழியாக மதிப்பை மாற்றினால் உலாவி 'சேஞ்ச்' நிகழ்வை (மதிப்பு மாறியது என்ற அறிவிப்பை) எழுப்பாது. மனிதர் கை வைத்து மாற்றினால் மட்டுமே எழுப்பும். ஆக, மதிப்பை வைத்த கையோடு நிகழ்வையும் நாமே எழுப்ப வேண்டும். ஜேக்வெரி என்ற நூலகத்தில் 'வால்' அழைத்து மதிப்பை வைத்து, அதே வரியில் 'ட்ரிக்கர்' அழைத்து 'சேஞ்ச்' என்று கொடுத்தால் போதும். பருவம் உடனே தாளடி என்று தெரிந்தது.

ஆனால் பக்கத்தின் கீழே ஏக்கருக்கு எவ்வளவு விதை என்று கணக்குப் போடும் பகுதி அசையவில்லை. அது ஜேக்வெரி இல்லாமல், 'ஆட்ஈவென்ட்லிஸனர்' வழியாக நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜேக்வெரியின் 'ட்ரிக்கர்' எழுப்பும் 'சேஞ்ச்' அந்தக் காதுக்கு எட்டாது. மாறாக, உலாவியின் சொந்த 'டிஸ்பேட்ச்ஈவென்ட்' மூலம், 'பபிள்ஸ்' (மேலுள்ள பகுதிகளுக்கும் ஏறிப்போகும் வசதி) இயக்கிய 'சேஞ்ச்' நிகழ்வை எழுப்பினால் இரண்டு பக்கமும் கேட்கும். இப்போது பருவத்துக்கு அப்படித்தான் எழுப்புகிறேன்.

உண்மையான போராட்டம் மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும் பெட்டிகளில்தான். மாவட்டம் மாறினால் வட்டப் பட்டியலைக் காலி செய்து, சர்வரிலிருந்து புதிதாக வாங்கி நிரப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. திருத்தும்போது தஞ்சாவூர் என்று வைத்து 'சேஞ்ச்' எழுப்பினால் அந்த ஏற்பாடும் சேர்ந்து ஓடும். அடுத்த வரியில் பாபநாசம் என்று வைத்தால், அந்த நேரத்தில் பட்டியலில் பாபநாசமே இருக்காது. பட்டியல் வந்து சேரும்போது நாம் வைத்த மதிப்பு போயே போயிருக்கும். சிலர் இதற்கு அரை விநாடி காத்திருக்கச் சொல்லி டைமர் வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அலுவலகத்து இணையத்தில் ஓடும் நிரல், திருவையாறு தாண்டி ஒரு வரப்பில் நின்று போனில் திறந்தால் ஓடாது.

சரியான வழி, பட்டியலை நிரப்பும் செயல்கூறு ஒரு 'பிராமிஸ்' (வேலை முடிந்ததும் தெரிவிக்கும் உறுதி) திருப்பித் தருவது. மாவட்டத்தை வை, வட்டங்கள் வரும்வரை 'அவெய்ட்' போட்டுக் காத்திரு, வட்டத்தை வை, கிராமங்கள் வரும்வரை காத்திரு, கிராமத்தை வை. இதோடு இன்னொன்றும் வேண்டும். நிரப்பும் நேரத்தில் வெறும் 'சேஞ்ச்' எழுப்பாமல் 'சேஞ்ச்.செலக்ட்2' என்று எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பினால் செலக்ட்2 மட்டும் தன் பெட்டியைத் திரும்ப வரையும். பட்டியலைக் காலி செய்யும் ஏற்பாடு விழித்துக்கொள்ளாது. எனக்கு மிகவும் கைகொடுத்த வரி இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு சில பதிவுகளில் வட்டம் வெறுமையாகவே நின்றது. எல்லாம் சீர்காழி, குத்தாலம் பக்கத்து ஆட்கள். அவை 2020 டிசம்பருக்கு முந்தைய பதிவுகள். மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் முன் பதிந்தவை என்பதால் மாவட்டம் நாகப்பட்டினம் என்றே இருந்தது. இன்றைய நாகப்பட்டினத்து வட்டப் பட்டியலில் சீர்காழி கிடையாது. பட்டியலில் இல்லாத மதிப்பை வைத்தால் செலக்ட் பிழை காட்டாது. 'செலக்டட்இண்டெக்ஸ்' (தேர்ந்த வரியின் எண்) −1 ஆகும், மதிப்பு வெற்றாகும், அவ்வளவுதான். அந்த நிலையில் சேமித்தால் இருந்த வட்டமும் போய்விடும். அதனால் ஒவ்வொரு மதிப்பையும் வைத்த பிறகு −1 ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் பழைய பெயரைச் சிவப்பில் காட்டி, சேமிக்கும் பொத்தானை நிறுத்தி வைக்கிறேன். மாவட்டம் மாறிய பதிவுகளைத் தரவுத்தளத்திலேயே மயிலாடுதுறைக்கு நகர்த்திவிட்டோம்.

மிச்சம் நின்றவை இன்னும் விசித்திரம். கும்பகோணம் என்ற வட்டம் பட்டியலிலும் இருக்கிறது, பதிவிலும் இருக்கிறது, ஆனாலும் −1. பழைய பதிவுகள் சிலவற்றில் குறியீட்டுக்குப் பதில் பெயரே மதிப்பாக ஏறியிருந்தது. இரண்டு சொல்லின் நீளத்தையும் கன்சோலில் கேட்டால் ஒன்று 10, இன்னொன்று 11. வேறுபாடு 'கோ'வில் இருந்தது. யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பட்டுக்கோட்டை, கொரடாச்சேரி என்று நம் ஊர்ப் பெயர்களில் இந்தக் குறிகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு பக்கமும் 'நார்மலைஸ்' அழைத்து 'என்எஃப்சி' என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டதும் பொருந்திவிட்டது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் இந்த வழி உதவாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். தமிழில் படிவம் செய்கிறவர்கள் மதிப்புக்குக் குறியீட்டையே வையுங்கள், பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குறியீட்டையும் எழுத்தாகவே வையுங்கள். 05 என்று பட்டியலில் இருந்து சர்வர் வெறும் 5 அனுப்பினால் அதுவும் பொருந்தாது.

வேறு நூலகம் வைத்திருப்பவர்களுக்கு: சோசனில் மதிப்பை வைத்துவிட்டு 'சோசன்:அப்டேட்டட்' எழுப்ப வேண்டும். ஜேக்வெரி யூஐயின் செலக்ட்மெனுவுக்கு 'ரெஃப்ரெஷ்'. பூட்ஸ்ட்ராப் செலக்டில் 'செலக்ட்பிக்கர்' அழைத்து 'வால்' என்றும் மதிப்பையும் கொடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

பருவப் பெட்டியிலிருந்து செலக்ட்2வையே கழற்றிவிட்டேன். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்றே வரிக்கு அலங்காரம் தேவையில்லை. சாதாரண செலக்ட் போனில் பெரிய எழுத்தில் திறக்கிறது, அக்காவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. கிராமத்துக்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அந்த நீளமான பட்டியலில் இரண்டு எழுத்தைத் தட்டித் தேட முடியாவிட்டால் வரிசையில் நிற்கும் ஆட்களுக்குப் பதில் சொல்ல முடியாது.