மேசையைச் சுற்றி ஒரு குடும்பம்

பார்வையற்றவர்களுக்காகப் பழைய புகைப்படங்களுக்கு விவரணை எழுதுவது என் வேலை. படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். கருத்து சேர்க்கக் கூடாது. லூயிஸ் ஹைன் எடுத்த நியூயார்க் படங்களில்தான் அந்த விதி என்னைத் திணறடித்தது.

ஹைன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல், குழந்தை உழைப்பை எதிர்த்த அமெரிக்க அமைப்பான தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படமெடுத்தார். மன்ஹாட்டனின் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செயற்கைப் பூ செய்யும், துணிக்குக் கைத்தையல் போடும். அறை பளிச்சென்று தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது. அது படமெடுப்பதற்காகக் கொளுத்திய ஃபிளாஷ் பொடியின் வெளிச்சம்.

1913 ஜனவரியில் எடுத்த ஒரு படத்தில், ஒன்பது வயதுச் சிறுமி அப்பா அம்மாவோடு தைக்கிறாள். வேலை நெருக்கினால் இரவு ஒன்பது மணி வரை தைப்பார்களாம். வாரத்துக்கு 2 முதல் 2.50 டாலர் வரும் என்று ஹைன் குறித்திருக்கிறார். தனி ஆளுக்கல்ல, எல்லோருக்கும் சேர்த்து. பீஸ் ரேட்டை, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, அவ்வளவு கீழே வைத்தால் பிள்ளையின் கையும் சேர்ந்துதான் தீர வேண்டும். இதைப் பெற்றோரின் பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் 1911இல் எடுத்த, கொட்டைகளிலிருந்து பருப்பைப் பிரித்தெடுக்கும் படம். அம்மாவுக்கு ஜலதோஷம், அழுக்குக் கைக்குட்டை பருப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, பிள்ளைகள் அழுக்கு என்றெல்லாம் ஹைன் எழுதுகிறார். வாங்குகிறவர்கள் நோய்க்குப் பயந்தாவது கேள்வி கேட்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அதில் நியாயம் உண்டு. சட்டத்தின் துணை எளிதில் கிடைக்கவில்லை. குடியிருப்புகளில் சுருட்டு செய்வதைத் தடுத்த சட்டத்தை 1885இலேயே நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. வீட்டிலிருந்து உழைக்கும் உரிமையைப் பறிக்கிறதாம். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையான மத்தியச் சட்டம் 1938இல்தான் வந்தது. இத்தனை தடைகளுக்கு நடுவே ஹைன் கையில் கிடைத்த ஆயுதத்தை எடுத்தார்.

ஆனாலும் அந்த அம்மாவை நினைத்தால் மனம் ஆறவில்லை. உடம்பு சரியில்லாத நாளிலும் உட்கார்ந்து உழைத்தவளை, அருவருப்பின் அடையாளமாக அல்லவா ஆக்கிவிட்டது அந்தக் குறிப்பு!

ஹைனின் வரிகளை என் விவரணையோடு கலக்காமல், அவர் பெயரோடு தனியாகப் போடச் சொல்லிக் கேட்டேன். மேற்பார்வையாளர் சரி என்றார். இப்போது அந்தப் படத்தின் விவரணை, பருப்பைப் பிரித்தெடுக்கும் கைகளிலிருந்து தொடங்குகிறது.