டிரெண்டம் மாளிகை: ஒரு பழைய மரக்கட்டை அச்சுப் படத்தை வாங்கி, சோதித்து, ஃபிரேம் போட்ட அனுபவம்

பழைய வண்ண அச்சுப் படம் வாங்கும் ஆசை இருக்கிறவர்கள், படத்துக்கு முன்னால் ஒரு லூப் வாங்கிவிடுங்கள். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல் பார்ப்பார்களே, அதேதான். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும், விலையும் அதிகமில்லை. விற்கிறவர் என்ன கதை சொன்னாலும் சரி, காகிதத்தில் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் பக்கம். பழம்பொருள் சந்தை ஒன்றில் பழைய ஃபிரேமுக்குள் ஒரு மாளிகைப் படம் கிடந்தது, கீழே டிரெண்டம் ஹால் என்று போட்டிருந்தது. விலைச்சீட்டில் 'கையால் வண்ணம் தீட்டியது, 1880' என்று எழுதியிருந்தார்கள். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சிறியது. டிரெண்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான், அங்கே தோட்டத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் அங்கே மாளிகை என்று ஒன்றும் கிடையாதே! அந்தக் குழப்பத்தில்தான் வாங்கினேன் என்று சொல்லலாம். பேரம் பேசி 25 பவுண்டுக்கு முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, படத்தை ஃபிரேமிலிருந்து வெளியே எடுப்பது. பழைய படத்தைக் கண்ணாடிக்கு மேலேயே பார்த்து முடிவு கட்டக்கூடாது. பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்பு நாடாவைக் கத்தியால் கீறி, சின்ன ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்பலகையை எடுத்தால், பலகையில் இருந்த கணு அப்படியே படத்தின் முதுகில் பழுப்பு நிறமாக இறங்கியிருக்கிறது. மரத்திலிருந்தும் மலிவான அட்டையிலிருந்தும் கசியும் அமிலம் செய்கிற வேலை இது. முன்பக்கம், படத்தைச் சுற்றி ஜன்னல்போல் வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டையின் விளிம்பு பட்ட இடத்திலும் நாலு பக்கமும் ஒரு பழுப்புக்கோடு. படத்துக்குள் வராமல் ஓரத்தோடு நின்றதில் எனக்கு நிம்மதி.

இடது ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தன. நூல் தைத்த துளைகள். ஆக, இது தனியாக விற்பதற்கு அச்சிட்ட படம் இல்லை, ஒரு புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்த தாள். பழைய அச்சுப் படச் சந்தையில் பாதிச் சரக்கு இப்படித்தான் வருகிறது. முழுப் புத்தகமாக விற்பதைவிடப் பிரித்துத் தாள்தாளாக விற்றால் காசு அதிகம் என்பதால் கிழித்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கியிருக்கிறேன், இதில் பெரிதாக நியாயம் பேச எனக்கு இடமில்லை.

அப்புறம் லூப். படத்தைப் பார்ப்பதற்கு முன் சமையலறையில் தொங்கும் சிவகாசி காலண்டரில் இருக்கும் முருகனைப் பாருங்கள். அவர் கன்னத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒரே சீராக வரிசைகட்டிய புள்ளிகள் தெரியும். அது ஆஃப்செட் அச்சு. 'பழைய படம்' என்று விற்கிற ஒன்றில் இந்தப் புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலத்து நகல்தான், மேலே யோசிக்கவே வேண்டாம். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கரடுமுரடான கல்லில் கிரேயான் தேய்த்ததுபோல் இருந்தால் அது கல்லச்சாக இருக்கும். கையால் தீட்டியிருந்தால் வண்ணத்துக்குள் கோடு எதுவும் இருக்காது, தூரிகை நின்ற இடத்தில் நிறம் தேங்கி விளிம்பு கறுத்திருக்கும், அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்தும் இருக்கும்.

என் படத்தில் இந்த மூன்றும் இல்லை. வானத்தின் நீலம் வெறும் கண்ணுக்கு மெல்லிய பூச்சாகத் தெரிகிறது, லூப்பில் பார்த்தால் அது முழுக்க முழுக்க மயிரிழைக் கோடுகள். மேலே கோடுகள் தடித்து நெருக்கமாக, அடிவானத்தை நோக்கி வர வர மெலிந்து இடைவெளி விட்டு, கடைசியில் காகிதமே வானமாகிவிடுகிறது. மரங்களில் முதலில் ஒரு மஞ்சள், அதன்மேல் ஒரு பச்சை, அதற்கும் மேலே கரும்பச்சை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டமைப்பு. மஞ்சள் மட்டும் எல்லா மரங்களிலும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கமாக, ஒரு இழை விலகி நிற்கிறது. கையால் தீட்டியவர் ஒவ்வொரு மரத்திலும் அதே அளவு விலக முடியாது. மஞ்சள் நிறத்துக்கான மரக்கட்டையை அச்சில் வைக்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறத்திட்டுகளின் ஓரத்தில் மெல்லிய கறுத்த வரம்பும் தெரிந்தது. மேடான பரப்பில் மை தடவிக் காகிதத்தை அழுத்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்குவதால் வருவது அது. ஆக, விலைச்சீட்டு தவறு, இது கட்டை கட்டையாக வண்ணம் ஏற்றிய மரச்செதுக்கு அச்சு.

பணத்தாள் சோதிக்கிற ஊதா விளக்கை இருட்டில் தாள்மேல் அடித்தும் பார்த்தேன். 1950 வாக்கில் தொடங்கி, தாளை வெண்மையாகக் காட்டக் காகிதத்தில் சாயப்பொருள் சேர்க்க ஆரம்பித்தார்கள், அப்படிப்பட்ட தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். இது மங்கிய பழுப்பாகவே கிடந்தது. இந்தச் சோதனையால் மட்டும் வயதைச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஒளிர்ந்தால் கதை முடிந்தது.

இனி, எந்தப் புத்தகம்? இங்கிலாந்து மாளிகை, வண்ண மரச்செதுக்கு, தைத்த துளை என்று நூலகத்திலும் ஏலப் பட்டியல்களிலும் தேடியபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிரான்சிஸ் ஆர்பன் மாரிஸ், யார்க்‌ஷயரில் நன்பர்ன்ஹோம் என்ற கிராமத்துப் பாதிரியார். பறவைகளைப் பற்றிய புத்தகங்களுக்காகத்தான் அவரை அதிகம் தெரியும். அவர் பிரிட்டன், அயர்லாந்துப் பிரபுக்களின் மாளிகைகளைப் பற்றி 1860களில் தொடங்கி 1880 வரை தொகுதி தொகுதியாக ஒரு நூல் கொண்டுவந்தார். ஆறு தொகுதிகள், சுமார் 240 வண்ணப் படங்கள். தொகுதிகளில் ஆண்டு அச்சிடவில்லை, அதனால் விற்பவர்கள் 1870 என்றும் 1880 என்றும் கைக்கு வந்ததை எழுதிக்கொள்கிறார்கள். ஏலப் பட்டியலில் டிரெண்டம் படமும் இருந்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல் என்னுடையதுதான்.

ஆனால் எனக்குப் பாதிரியாரைவிடப் பிடித்துப்போனவர் அச்சடித்தவர். பெஞ்சமின் ஃபாசெட், 1808இல் பிறந்து 1893இல் இறந்தவர். லண்டனில் இல்லாமல், டிரிஃபீல்டு என்ற கிழக்கு யார்க்‌ஷயர்ச் சந்தை ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்தார். படங்களை வரைந்தவர் அவரிடமே தொழில் பழகிய அலெக்சாண்டர் பிரான்சிஸ் லைடன். மரக்கட்டை அச்சு என்றதும் பலருக்கு ஜப்பானியப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே செர்ரி மரப்பலகையை நீளவாக்கில் அறுத்து, அதில் கத்தியால் செதுக்குவார்கள். இங்கே பாக்ஸ் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உலோகம் செதுக்குகிற உளியால் கோடு இழுப்பார்கள். குறுக்குவெட்டில் நார் தடுக்காது, எந்தத் திசையிலும் மயிரிழைக் கோடு போடலாம். நியூகாசில்காரர் தாமஸ் பூவிக் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முறையில் கொடிகட்டிப் பறந்தவர். அந்த மரம் பருத்து வளராது என்பதால் பெரிய படத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகளைச் சேர்த்து இறுக்கித்தான் பரப்பு உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் தாள் ஒருமுறை கையச்சு இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மஞ்சள் ஒரு இழை விலகியது குறையாகவே தோன்றவில்லை.

அடுத்தது ஃபிரேம். இங்கேதான் எரிச்சல். முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) படத்தைப் பார்த்த கையோடு, 'தாள் கொஞ்சம் அலையடிக்கிறது, சூடாக்கி ஒரு பலகையில் ஒட்டிவிடுகிறேன், தட்டையாக நிற்கும்' என்றார்கள். நூற்றைம்பது வயதுக்கு நெருக்கமான தாளை நிரந்தரமாகப் பசைபோட்டு ஒட்டுவதா? வேண்டாம் என்றேன். தாளில் அங்கங்கே இருந்த பழுப்புப் புள்ளிகளை ரசாயனத்தில் கழுவி வெளுத்துத் தரவும் தயாராக இருந்தார்கள். மை நீரில் கரைகிற வகையா இல்லையா என்று சோதித்துக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் போடுகிறேன் என்கிறவரிடம் எதையும் கொடுக்கக்கூடாது. கும்பிடு போட்டுவிட்டுப் படத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

காகிதப் பாதுகாப்பு தெரிந்த இன்னொருவர் அகப்பட்டார். அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கேட்க உதவும். பழைய அட்டைகளை எல்லாம் தூக்கிப் போட்டார். பருத்தியில் செய்த, அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை. படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சின்ன ஜப்பானியக் காகிதத் துண்டுகளை ஒட்டி அதிலிருந்து படத்தைத் தொங்கவிட்டார், மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கிறது, ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் தன்பாட்டுக்கு விரிந்து சுருங்கட்டும் என்று. ஒட்டியது கோதுமை ஸ்டார்ச் பசை. நம்மூரில் சுவரொட்டிக்கு மைதா காய்ச்சுகிற அதே சங்கதிதான், கொஞ்சம் சுத்தமான சகோதரி. எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் அருமை. மவுண்ட் ஜன்னலைச் சற்றுப் பெரிதாக வெட்டி, கீழே உள்ள தலைப்பு தெரியும்படி விட்டார். தலைப்பை மறைத்து ஃபிரேம் போடுவது நிறையப் பேர் செய்கிற காரியம், கேட்டு வாங்காவிட்டால் உங்களுக்கும் நடக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, கண்ணாடியில் படம் ஒட்டாமல் இடைவெளி. பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, அவரும் தொட வேண்டாம் என்றார். படத்தைவிட ஃபிரேமுக்கு நாலு மடங்குக்கு மேல் ஆனது. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு டிரெண்டம் போனேன். மாளிகை காணாமல் போன கதை விசித்திரமானது. சதர்லாண்டு பிரபுக்களின் வீடு அது. 1830களில் தொடங்கி சார்லஸ் பாரி என்ற கட்டடக்கலைஞர் இத்தாலியப் பாணியில், உயரமான கோபுரத்தோடு பிரமாண்டமாக மாற்றிக் கட்டினார், லண்டனில் நாடாளுமன்றத்தைக் கட்டியவரும் அவர்தான். ஆனால் தோட்டத்தை ஒட்டி ஓடும் டிரெண்ட் ஆறு ஸ்டோக்கின் மண்பாண்ட ஊர்களைத் தாண்டி வருகிறது. அந்த ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து மாளிகைத் தோட்டத்து ஏரி நாறிப்போய், பிரபு குடும்பம் இருக்க முடியாமல் கிளம்பிவிட்டது. திருப்பூரில் நொய்யலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களும் வாங்கவில்லை. 1912-13இல் இடித்துவிட்டார்கள்.

நின்றது கொஞ்சம்தான்: பழைய நுழைவாயில், மணிக்கூண்டு, இன்னும் சில பகுதிகள். தோட்டத்தை இப்போது மிக அழகாக வைத்திருக்கிறார்கள், ஏரிக்கரையில் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலை இருக்கிறது, டிக்கெட் உண்டு. கோபுரத்தின் உச்சிப் பகுதியைப் பெயர்த்து அதே ஸ்டாஃபோர்ட்ஷயரில் சாண்டன் என்ற இன்னொரு எஸ்டேட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அதற்கு இன்னும் போகவில்லை. இடித்துத் தள்ளிய கட்டடத்தைப் பாக்ஸ் மரக்கட்டையில் ஏற்றி அச்சடித்த தாள் 25 பவுண்டுக்குக் கிடைக்கிறது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்தப் படங்கள் ஏராளமாக அச்சாகி, ஏராளமாகப் பிழைத்தும் இருப்பதுதான், அதனால் முதலீடு என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. மாரிஸின் நூலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரில் அந்த மாளிகையைப் பற்றிய உரைப்பக்கம் உண்டு. பிரித்து விற்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், சிலர் மட்டும் உறையில் பின்னால் வைத்துத் தருகிறார்கள். வாங்கும்போது 'எழுத்துப் பக்கம் இருக்கிறதா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் அதற்குத் தனிக்காசு வாங்குவதில்லை. என்னுடையதற்கு இல்லை. கிழிந்த தொகுதி எங்காவது மலிவாக வந்தால் அந்த ஒரு தாளுக்காக வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.