இருபதா முப்பதா: ஓர் ஏஜென்ட் ஆவணத்தைச் சோதித்த அனுபவம்

ஏஐ மூலம் படங்களை உருவாக்கும் காம்ஃபியூஐ மென்பொருளில், ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் பெட்டிகளான கணுக்களைக் கம்பிகளால் இணைத்து உருவாக்கும் பணிப்பாய்வுகளை, நாம் வாயால் சொல்வதைக் கேட்டுத் தானே திருத்தித் தரும் ஏஐ ஏஜென்ட் கருவி ஒன்றின் பயன்பாட்டு ஆவணத்தை மதிப்பிடும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. கருவியின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் இரண்டு நாட்கள் அந்த ஆவணத்தை வழக்கமான கையேட்டைப் படிப்பது போலவே படித்தேன். திரைப்பிடிப்புகள் தெளிவாக இருந்தன, நடையும் சீராக இருந்தது, எனவே நிறைவாக உள்ளது என்று குறிப்பும் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள்தான், இதைப் படித்து வேலை செய்யப்போவது ஏஜென்ட் என்பதும், அதற்குத் திரையில் கம்பியை இழுத்து இணைக்கும் கை இல்லை என்பதும் எனக்கு உறைத்தது.

எழுதிய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வழியில் தொடங்கினேன். ஏஜென்டுக்கு இணையத் தொடர்பு கொடுக்காமல், அந்த ஆவணத்தையும் ஏழு கணுக்கள் கொண்ட தொடக்கநிலைப் பணிப்பாய்வையும் மட்டும் கொடுத்து, சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்யச் சொன்னேன்.

முதல் வேலை, படத்தை உருவாக்கும் கே-சாம்ப்ளர் கணுவில் ஸ்டெப்ஸ் எண்ணிக்கையை, அதாவது படம் எத்தனை படிகளில் உருவாகவேண்டும் என்பதை, 20-இலிருந்து 30 ஆக்குவது. ஏஜென்ட் முடித்துவிட்டதாகச் சொன்னது; படமும் வந்தது. ஆனால் படம் உருவானது 20 ஸ்டெப்ஸில்தான். பணிப்பாய்வைச் சேமித்த ஜேசன் (JSON) உரைக் கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் கோப்பில் கணுவின் மதிப்புகளுக்குப் பெயர் கிடையாது, வரிசை மட்டுமே உண்டு. முதலில் படத்தின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீடு எண், அடுத்து ‘ரேண்டமைஸ்’ என்ற சொல், அதன் பிறகுதான் ஸ்டெப்ஸுக்கான 20, பின்னர் 8, ‘ஆய்லர்’ என்று மற்ற அமைப்புகளின் மதிப்புகளாக அது போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சீடு மாறவேண்டுமா என்பதைச் சொல்லும் அந்த இரண்டாவது மதிப்பை, இந்த வரிசையைத் தரும் ஆவணத்தின் அட்டவணை விட்டுவிட்டிருந்தது. காம்ஃபியூஐ சர்வர் தரும் கணு விவரங்களில் அது தனி உள்ளீடாக இடம்பெறுவதில்லை; அட்டவணையை எழுதியவர் அதைப் பார்த்தே எழுதியிருக்க வேண்டும். ஏஜென்ட் ஆவணத்தை அப்படியே நம்பி, இரண்டாம் இடத்தில் 30 என்று எழுதிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தந்தது.

அடுத்து, மாடலின் பாணியை மாற்றும் சிறு துணைக் கோப்பை ஏற்றும் லோரா கணு ஒன்றை இடையில் செருகச் சொன்னேன். ‘செக்பாயிண்டுக்கும் சாம்ப்ளருக்கும் நடுவே வையுங்கள்’ என்று ஆவணம் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது; செக்பாயிண்ட் என்பது மாடலை ஏற்றும் கணு. உண்மையில் லோரா கணுவுக்குள், படத்தை உருவாக்கும் மாடல், உரையைப் புரிந்துகொள்ளும் கிளிப் ஆகிய இரண்டும் நுழைந்து இரண்டும் வெளியே வரவேண்டும். அந்தக் கிளிப், வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் எழுதும் இரண்டு உரைக் கணுக்களுக்கும் போகவேண்டும். ஏஜென்ட் மாடல் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு, உரைக் கணுக்களைப் பழைய செக்பாயிண்டிலேயே விட்டுவிட்டது. இம்முறையும் படம் வந்தது, அதுவும் பார்க்க நன்றாகவே இருந்தது. பழகிய கண் இல்லாதவர் இதில் குறை கண்டிருக்க முடியாது. கணுவை நீக்குவது, பெயர் மாற்றுவது போன்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை.

சர்வருக்கு நேரடியாக அனுப்பும் ஏபிஐ (API) வடிவக் கோப்பை மட்டுமே ஏஜென்ட் திருத்தட்டும், அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் இருக்கிறதே என்று ஆவணக் குழுவினர் யோசனை சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. அந்த வடிவத்தில் கணுக்கள் திரையில் நிற்கும் இடம், வண்ணக் குழுக்கள், ஒட்டி வைத்த குறிப்புகள் எதுவும் இருக்காது. ஒருவர் மணிக்கணக்கில் அடுக்கி வைத்த பணிப்பாய்வை அப்படிக் குலைத்துத் திருப்பிக் கொடுத்தால் அவர் கருவியை அன்றோடு விட்டுவிடுவார். அதனால் சேமிப்பு வடிவத்தையே வைத்துக்கொண்டு, அட்டவணையில் விடுபட்ட மதிப்பைச் சேர்க்கவும், லோராவுக்கு மாற்றவேண்டிய மூன்று இணைப்புகளையும் தனித்தனியே எழுதவும், திருத்திய பின் மதிப்பைத் திரும்பப் படித்து உறுதிசெய்யுமாறு ஏஜென்டுக்குச் சொல்லவும் பரிந்துரைத்தேன்.

திருத்திய ஆவணத்தோடு மீண்டும் ஓட்டினேன். 30 சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. லோரா வேலையை மூன்று முறை கொடுத்ததில், இரண்டு முறை மூன்று இணைப்புகளும் மாறின. ஒருமுறை ‘வேண்டாம்’ கணுவின் கிளிப் பழைய இடத்திலேயே இருந்தது. அதையும் எழுதித்தான் அறிக்கையை அனுப்பினேன்.