மன்னிப்பு வேண்டாம் என்ற இரண்டு மிஷனரிகள்

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அமெரிக்க மிஷனைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம், உதயதாரகை பத்திரிகை எல்லாம் அவர்கள் தொடங்கியவைதான். ஆனால் 1816-ல் யாழ்ப்பாணத்தில் கால்வைத்த அந்த மிஷனை அனுப்பிய அதே பாஸ்டன் மிஷனரி சங்கம், அடுத்த வருடமே இன்றைய டென்னசியில் சட்டனூகா நகரம் இருக்கும் இடத்தில், செரோக்கி பழங்குடி மக்களுக்காக பிரெய்னர்ட் மிஷன் என்று ஒன்றைத் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் சாமுவேல் வூஸ்டர், எலைசர் பட்லர் என்ற இரண்டு மிஷனரிகள் செரோக்கிகளுக்காகச் சிறைக்குப் போன கதை நம்மில் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன்.

செரோக்கிகளிடம் முதலில் போனவர்கள் இவர்கள் இல்லை. மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் 1801-லேயே ஜார்ஜியாவில் ஸ்பிரிங் பிளேஸில் குடியேறிவிட்டார்கள். செரோக்கித் தலைவர்கள் அவர்களிடம் கேட்டது பள்ளிக்கூடத்தை, பிரசங்கத்தை இல்லை. வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரிந்தால் நிலத்தைக் காப்பாற்றலாம் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க அரசுக்கு வேறு கணக்கு. 1819-ல் பழங்குடிகளை ‘நாகரிகப்படுத்த’ வருடத்துக்கு 10,000 டாலர் ஒதுக்கியது, மிஷன் பள்ளிகளுக்கு அந்தப் பணம் போனது. வேட்டையை விட்டு ஏர் பிடித்துவிட்டால் இவர்களுக்கு இவ்வளவு காடு எதற்கு என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

பிரெய்னர்டில் பையன்கள் படிப்போடு வயல்வேலையும், பெண்பிள்ளைகள் நூற்பு, தையல், சமையலும் செய்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவதும் நடந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனிடம் படித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களைக் கேட்டவர்களுக்கு இது பழக்கமான வழக்கம். மொரேவியர்களிடம் படித்த கலகினா என்ற செரோக்கிப் பையன் மேல்படிப்புக்கு வடக்கே போகும் வழியில் எலியாஸ் பூடினோ என்ற பெரியவரைச் சந்தித்து அவர் பெயரையே வைத்துக்கொண்டான். கனெக்டிகட்டில் சங்கம் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். பிறகு அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்ணையே கல்யாணம் செய்யப்போகிறான் என்று 1825-ல் தெரிந்தபோது, ஊர்க்காரர்கள் அவர்களின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். 1826-ல் கல்யாணம் நடந்தது. பள்ளியும் அதோடு மூடப்பட்டது. கிறிஸ்தவனாக மாறு, எங்களைப் போல உடுத்து, எங்களைப் போல படி என்று சொன்னவர்கள்தான் இவர்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சாமுவேல் வூஸ்டர் வருவது இந்த நேரத்தில். 1825-ல் பிரெய்னர்டுக்கு வந்து, இரண்டு வருடத்தில் செரோக்கி தலைநகரான நியூ எகோட்டாவுக்குப் போனார். அதற்குள் செக்வோயா என்ற செரோக்கி, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தன் மொழிக்குத் தானே எழுத்துகளை உருவாக்கி முடித்திருந்தார். மிஷன் பள்ளியில் வருடக்கணக்கில் உட்காராமலே ஜனங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வூஸ்டர் அந்த எழுத்துகளுக்கு பாஸ்டனில் அச்சு வார்க்க ஏற்பாடு செய்தார். பூடினோ ஆசிரியராக, 1828 பிப்ரவரியில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இருமொழிப் பத்திரிகையாக வெளிவந்தது. உதயதாரகை வருவதற்கு 13 வருடம் முன்பு.

அப்புறம் ஜார்ஜியாவில் தங்கம் கிடைத்தது. செரோக்கி நிலத்தில் வசிக்கும் வெள்ளைக்காரர்கள் மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்து உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். செரோக்கிகளுக்குத் துணை நிற்கும் மிஷனரிகளைக் கிளப்புவதுதான் நோக்கம். முதல் முறை கைதானபோது, வூஸ்டர் தபால் அதிகாரி, அதாவது மத்திய அரசின் ஆள் என்பதால் விட்டுவிட்டார்கள். உடனே அந்தப் பதவியைப் பறிக்க வைத்து மறுபடியும் பிடித்தார்கள். இடையில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. வெளியூரிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்த தகப்பனையும் பிடித்து, காரணம் தெரிந்த பிறகே விட்டார்கள்.

1831 செப்டம்பரில் இப்படிக் கைதான 11 பேருக்கு நான்கு வருடக் கடுங்காவல். ஒன்பது பேர் மன்னிப்பை ஏற்று வெளியே போனார்கள். வூஸ்டரும் டாக்டர் எலைசர் பட்லரும் மட்டும் ஏற்காமல் மில்லெட்ஜ்வில் சிறைக்குப் போனார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும் என்பதற்காக. 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், செரோக்கி தேசத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜார்ஜியா அதைக் கண்டுகொள்ளவில்லை, ஜனாதிபதி ஜாக்சனும் அசையவில்லை. தெற்கு கரோலினா மத்திய அரசோடு மோதத் தொடங்கி நாடே உடையுமோ என்ற பயம் வந்ததும், பாஸ்டன் சங்கம் வழக்கைத் தொடர வேண்டாம் என்று இவர்களுக்கு எழுதியது. 1833 ஜனவரியில் இருவரும் வெளியே வந்தார்கள். சிறைக்குப் போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வென்ற வழக்கைக் கைவிடச் சொன்ன சங்கத்தை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூடினோவும் சிலரும் 1835-ல் நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், பெரும்பாலான ஜனங்களின் சம்மதம் இல்லாமல். 1838-ல் சுமார் 16,000 பேர் மேற்கே விரட்டப்பட்டார்கள். 4,000 பேர் இறந்திருப்பார்கள் என்று இன்றும் சொல்லப்படும் கணக்கு அதே டாக்டர் பட்லருடையது. பூடினோவை 1839-ல் சொந்த ஜனங்களே கொன்றார்கள். வூஸ்டர் ஓக்லஹோமா பக்கம் போய், 1859-ல் சாகும் வரை செரோக்கியில் அச்சடித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வேல்ஸிலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி எவன் ஜோன்ஸ். வட கரோலினா மலையில் ஆங்கிலம் தெரியாத ஏழைச் செரோக்கிகளோடு வாழ்ந்தவர், அந்த ஒப்பந்தத்தைக் கடைசிவரை எதிர்த்தவர், 1838-ல் அவர்களோடு மேற்கே பயணப்பட்டவர். பிறகு செரோக்கிகளிடையே இருந்த அடிமை முறையை எதிர்த்ததற்காக அங்கிருந்தும் துரத்தப்பட்டார். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் செரோக்கி தேசம் அவரையும் அவர் மகனையும் தன் குடிமக்களாக ஏற்றுக்கொண்டது.