ரப்பர் வெட்டுபவர்களின் கால் விறைப்பு: நடை, நீட்டல், வலு

குமரி மாவட்டம் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களில் பலருக்கு இடுப்போடு சேர்ந்து தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். விடியுமுன் சூடேறாத உடம்போடு தாழ்ந்த பட்டைக்குக் குனிகிறார்கள். சரிவில் ஏறி இறங்குகிறார்கள். இந்த விறைப்பைத் தளர்த்த நாங்கள் கடைப்பிடித்துவரும் முறை இது.

முதலில் பத்து நிமிட நடை. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். சூடேறிய தசை எளிதில் நீளும், ஆனால் அந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரத்துக்குத்தான். சங்குத்துறைக் கடற்கரையில் நடப்பவர்கள் ஈரம் இறுகிய மணலில் தொடங்கட்டும். இளகிய மணலில் குதிகால் புதையும்போது கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் சுமை கூடும். கரை சரிவானது என்பதால் போன வழியே திரும்பி வரவேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலுக்கு மட்டும் இழுவை.

வெட்டுக்கு முன் நீண்ட நேரம் நீட்டிப் பிடிக்க வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் சற்று நேரம் அதன் விசை குறையும். காலை முன்னும் பின்னும் பத்துத் தடவை வீசினால் போதும். நீட்டல் வேலை முடிந்த பிறகு.

மல்லாந்து படுத்து, தோர்த்தை (துண்டை) பாதத்தில் மாட்டி, முழங்காலை லேசாக மடித்தபடியே காலை மேலே இழுக்கவும். 30 வினாடி, மூன்று தடவை, மூச்சை அடக்காமல். வெட்டி வெட்டி இழுத்தால் தசை தற்காப்பாகச் சுருங்கிவிடும். பாதம்வரை சுரீரென்று இழுத்தாலோ மரத்தாலோ அது தசை அல்ல, நரம்பு. உடனே காலை இறக்குங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கெண்டைக்காலுக்குச் சுவரைப் பிடித்துப் பின்காலை நேராக வைத்து ஒருமுறை, முழங்காலை மடித்து ஒருமுறை. மடித்துச் செய்தால்தான் அடியில் இருக்கும் தசை நீளும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குந்தி உட்காரும்போது குதிகால் எழும்புகிறவர்கள் அவசியம் செய்யவேண்டும். முன்னேற்றத்தை அளக்க, குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும்படி பாதத்தை முடிந்தவரை பின்னால் தள்ளி வைக்கவேண்டும். அப்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை செ.மீ. இடைவெளி என்று இரண்டு காலுக்கும் குறித்து வையுங்கள்.

முதல் சில வாரங்களில் அளவு கூடுவது தசை நீண்டதால் அல்ல, இழுவையைப் பொறுக்க நரம்பு மண்டலம் பழகுவதால். நடை மூச்சுத் திறனை வளர்க்கும். தசைவலுவுக்கு அது மட்டும் போதாது. அதனால் புதிதாகக் கிடைத்த நீட்சியில் சுமையும் ஏற்றவேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று வினாடியில் தாழ இறக்கி, பிறகு உயர்த்தவும். பத்துத் தடவை வீதம் மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். இப்படி மூட்டு அசையும் முழு அளவுக்கும் செய்யும் வலுப்பயிற்சியே நீட்டலுக்கு ஈடாக விறைப்பைக் குறைக்கும் என்பதால், நேரமில்லாதவர்கள் இதையாவது விடக்கூடாது.

மழையில் வெட்டு நிற்கும் நாட்களில் பயிற்சியும் நின்றால் சில வாரங்களில் விறைப்பு திரும்பிவிடும். நனைந்த படி வழுக்கும்; வீட்டுக்குள் உலர்ந்த படியில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி செய்யுங்கள்.