எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஆகஸ்ட் 5

மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்க இன்று பள்ளி அலுவலகம் போனோம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், அவ்வளவுதான். விசாவைப் பற்றிப் பேச்சே இல்லை. 1982-இல் பிளைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு அப்புறம், குடியேற்றக் காகிதம் இல்லை என்று அமெரிக்க அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது.

படிவத்தில் முதல் கேள்வி ஹிஸ்பானிக்கா (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவரா) இல்லையா, அடுத்தது இனம். கணவர் 'அமெரிக்கன் இந்தியன்' கட்டத்தில் டிக் போடப் போனார், கையைப் பிடித்து இழுத்தேன், அது அமெரிக்கப் பழங்குடிகளுக்கான கட்டம். நமக்கு 'ஏசியன்'தானாம், சீனர், வியட்நாமியர் எல்லாரோடும் ஒரே கட்டம். எரிச்சலில் காலியாகவே விடட்டுமா என்று கேட்டேன். விட்டால் பிள்ளையைப் பார்த்து நாங்களே ஒன்றைப் போடவேண்டும், அதுதான் விதி என்றார் அலுவலக அம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. அதற்கு நானே போட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 8

வீட்டு மொழி என்ன என்ற தாளில் 'தமிழ்' என்று எழுதினேன். தோழி போனில் திட்டுகிறாள், இங்கிலீஷ் என்று எழுதியிருந்தால் தேர்வு வராதே என்று. சேர்ந்த 30 நாளுக்குள் ஆங்கிலம் சோதிப்பார்கள், அவ்வளவுதானே? வீட்டில் இல்லாத மொழியை எப்படி எழுதுவது.

செப்டம்பர் 4

வகுப்பில் 24 பிள்ளைகள். பள்ளியின் இணையப் பக்கத்திலோ ஆசிரியருக்கு 15 பேர் என்று இருக்கிறது. பொய் இல்லை, பாட்டு, விளையாட்டு, சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள். இலவச மதிய உணவு 100 சதவீதம் என்பதும் அப்படித்தான், பள்ளி முழுக்க எல்லாருக்கும் இலவசம், அதை வைத்து ஏழைகள் எத்தனை பேர் என்று சொல்லமுடியாது. வீடு தேடும்போது இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'அந்தப் பள்ளி வேண்டாம்' என்றார்கள் சிலர்.

மொழித் தேர்வு முடிந்தது. "அந்த ஆன்ட்டி படம் காட்டினாங்க, எல்லாம் சொல்லிட்டேன்." தேறிவிட்டாள்.

அக்டோபர் 2

அக்டோபர் முதல் தேதியை ஒட்டித்தான் பள்ளியில் எந்த இனத்தில் எத்தனை பிள்ளைகள் என்று தலை எண்ணுவார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா மெக்சிகோ, அம்மா கொரியா. ஹிஸ்பானிக் என்று சொன்னதும் அவன் அந்த வரிசைக்குப் போய்விடுகிறான், அம்மாவின் பாதி கணக்கிலேயே வராது.

போன வருஷ அட்டவணையில் கிண்டர்கார்டன் ஏசியன் இடத்தில் எண்ணே இல்லை, ஒரு நட்சத்திரக் குறி. தொகை சின்னதாக இருந்தால் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடுவார்களே என்று மறைக்கிறார்கள். அந்த நட்சத்திரத்துக்குள் இருந்த மூன்று பேர் தினமும் காலையில் என் மகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், ஒருவனுக்கு எப்போதும் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும்.