காரலுக்குப் பெயர் வைத்தவர் கணக்கில் வருவதில்லை

பதவி உயர்வு விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும். மீன் வகைப்பாட்டில் வேலை செய்கிற எனக்கு அந்த எண் சின்னது.

ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு எடுத்தாளுகிறார்கள் என்று பார்க்க, ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த அளவு இது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் 10. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் 5-ஐத் தாண்டாது. சரி, அதுகூடப் போகட்டும். எங்கள் துறையில் நடப்பதுதான் மனசுக்கு ஆறவில்லை.

பாம்பனில் விசைப்படகு வந்ததும் சங்காயத்தைக் கொட்டுவார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிற குவியல். எனக்கு வேலை அதில்தான். அதில் ஒரு காரல் மீனை எடுத்து, வழுவழுப்பைத் துடைத்துவிட்டு, உதட்டை விரல் நுனியால் மெல்ல இழுத்தால் வாய் குழல் மாதிரி நீளும். மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் பேரினம். உள்ளே கோரைப்பல் தட்டுப்பட்டால் காஸா பேரினம். கீழ்நோக்கியோ நேராகவோ நீண்டால் மற்ற கூட்டம், அதற்குள் இன்னும் பிரிக்க வேண்டும். மீன் பிரிக்கிற அக்காக்களுக்கு இழுத்துப் பார்க்கிற வேலையே இல்லை. "இது வேற காரலு புள்ள, வாயப் பாரு" என்று கையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

காரல்களில் ஒன்றின் முழுப்பெயர் யூப்ளீகேரியா ஜோன்சி (ஜேம்ஸ், 1971). அதை முதலில் விவரித்தவர்தான் ஜேம்ஸ். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். அந்த நிலையத்தின் தலைமையகம் 1971 வரை எங்கள் மண்டபம் ஊரில்தான் இருந்தது. பெயரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறிக்கும் அர்த்தம் உண்டு: அவர் வைத்த பேரினம் பிற்பாடு மாறிவிட்டது.

இந்த மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஜேம்ஸ், 1971' என்று சேர்த்து எழுதுவது வழக்கம். ஆனால் கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலில் அந்த மூலக் கட்டுரை பெரும்பாலும் இருக்காது. மேற்கோள் எண்ணுகிற தரவுத்தளங்களுக்குத் தெரிவதோ பட்டியல் மட்டும். பெயர் ஊரெல்லாம் போகிறது, கணக்கில் ஏறுவதில்லை.

இதழ்களுக்குப் போடுகிற இம்பாக்ட் ஃபேக்டர் இன்னும் மோசம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு எத்தனை மேற்கோள் என்றுதான் பார்க்கும். புது மீன் ஒன்றை விவரித்தால், அதை இன்னொருவர் கையில் எடுக்கவே இருபது வருடம் ஆகலாம். ஆனால் அப்போதும் அவர் முதல் விவரிப்புக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும்.

கண்ணால் பார்த்தே மீன் பிரிக்கத் தெரிந்த பையன் ஒருவன், எண் ஏறாது என்று நானோத் துகள் ஆராய்ச்சிக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வேலை வேண்டுமே. ஆனால் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மீன்பிடிப் பதிவேட்டில் வெறும் 'காரல்' என்றுதான் விழும். எந்தக் காரல் குறைகிறது என்று யார் சொல்வது?

அதனால் என் மாணவர்களிடம் இதை மட்டும் விடாமல் கேட்கிறேன்: மீன் பெயருக்குப் பின்னால் ஆளையும் ஆண்டையும் எழுதினால், அந்த மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மண்டபத்தில் 1958-இல் தொடங்கிய இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டியல் நீளம் என்று இதழ்க்காரர்கள் வெட்டச் சொன்னால், பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.